சுடர் அணைந்த துக்கம்

சிறுமலையில் பேருந்து நின்று திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நல்லம்மையின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு ஓட்டு வீடுகள், ஒரு தியானக் கூடம், ஒரு பலாமரம், கணக்கில்லாத குரங்குகள்.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபதை நெருங்கியிருந்தது. சீடரின் பெயர் தில்லைநாயகம். பாளையங்கோட்டையில் காலமெல்லாம் மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர். கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு, மனதை அடக்குவதற்காக மலை ஏறியிருந்தார். மனம் ஓரளவு அடங்கிவிட்டது. கைபேசிதான் அடங்கவில்லை.

தினமும் காலைத் தியானத்தின் நடுவே எழுந்து போய்விடுவார். அங்கே சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, பலாமரத்துக்குப் பின்னால் இருந்த பாறை. அதன்மேல் ஏறி, ஒரு கையை வானத்தை நோக்கி நீட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். புதிதாக வந்த விருந்தாளி ஒருவர் இவர்தான் குரு என்று நினைத்து, கீழே விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனதும் உண்டு.

ஒருநாள் நல்லம்மை பாறைக்கு அடியில் வந்து நின்றார்.

"என்னங்கய்யா பண்றீங்க?"

"என் கூட்டாளி சவரிமுத்துக்கு ஒரு படம் அனுப்புதேன் அம்மா."

"என்ன படம்?"

"என் ரூம்போட கூரைதான்."

நல்லம்மை சிரிக்கவில்லை. தில்லைநாயகம் பாறையில் உட்கார்ந்து விளக்கினார். கைபேசியில் உள்ள ஒரு செயலியில் இரண்டு பேரும் ஒருநாள்கூட விடாமல் படம் அனுப்பிக்கொண்டிருந்தால், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுடர் எரியும். எத்தனை நாள் எரிகிறது என்று எண்ணும் ஏறிக்கொண்டே போகும். யாராவது ஒருவர் ஒருநாள் விட்டாலும் சுடர் அணைந்துவிடும். அவர் மகள்தான் இதைக் கற்றுக்கொடுத்தாள். இப்போது அவளே விட்டுவிட்டாள். இவர் விடவில்லை.

"சவரிமுத்து ஐயா என்ன அனுப்புவாரு?"

"அவனும் கூரைதான். நடுவுல ஒரு ஃபேன்."

"ஃபேன் சுத்துதா?"

தில்லைநாயகம் விழித்தார். "பாக்கலையே அம்மா. தொட்டுத் திறந்துட்டு உடனே மூடிருவேன்."

"படத்தோட ரெண்டு வார்த்தை எழுதுவீங்களா?"

"இல்ல."

"அவரு?"

"அவனும் இல்ல. நாங்க பேசிக்கிடுறதில்லம்மா."

பேச்சு நின்றது போன ஆண்டு. தூத்துக்குடியில் சவரிமுத்துவின் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை கைபேசியில் வந்தது. பூ உதிர்கிற படம், நாதஸ்வர ஓசை எல்லாம் சேர்ந்துதான் வந்தது. ஆனால் சவரிமுத்து வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்காமல் விட்டது தில்லைநாயகத்துக்கு நெஞ்சில் குத்திவிட்டது. அவர் போகவில்லை. போகாதது சவரிமுத்துவுக்குக் குத்திவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஆனால் சுடரை மட்டும் இருவருமே அணையவிடவில்லை.

"அது எரியுற வரைக்கும் அவன் எனக்கு இருக்கான்னு அர்த்தம்மா. அணைஞ்சா அவன் எனக்கு இல்ல." பாறையிலிருந்து குருவைக் குனிந்து பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இது பற்றுதானே? விட்டுரணுமா?"

நல்லம்மை மேலே பார்த்தார்.

"மழை வருது. பாறை வழுக்கும். இறங்குங்கய்யா."

இதுவா பதில் என்று தில்லைநாயகத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் மழை உண்மையாகவே வந்தது. சாதாரண மழையும் இல்லை, கொட்டித் தீர்த்துவிட்டது. மலைப்பாதையில் எங்கோ மரம் சாய்ந்தது. கைபேசிக் கோபுரம் செத்தது. மறுநாள் காலை பாறைமேல் நின்றால் ஒரு கோடுகூட வரவில்லை. தில்லைநாயகம் பலாமரத்தில் ஏறிப் பார்த்தார். குரங்குகள் மரியாதையாக ஒதுங்கி இடம் கொடுத்தன. அப்போதும் வரவில்லை. பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் நனைந்துகொண்டே ஓடினார். அங்கேயும் இல்லை. பாதை அடைபட்டதால் பேருந்தும் இல்லை. அன்றைய பொழுது அப்படியே போய்விட்டது.

அடுத்த நாள் விடிந்தபோது மழை விட்டிருந்தது. தில்லைநாயகம் கூடத்தின் மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். இட்லி தட்டிலேயே ஆறிக் கிடந்தது.

"அணைஞ்சு போச்சும்மா."

நல்லம்மை அவர் எதிரில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். காலையில் தானே போட்ட கோலத்தைக் காலால் துடைத்து அழித்தார்.

"என்னம்மா செய்றீங்க?"

"துக்க வீட்டுல கோலம் இருக்கலாமா? எந்திரிங்க. ஓடையில தலைக்கு முங்கிட்டு வாங்க."

கேலி செய்கிறாரா என்று தில்லைநாயகம் குருவின் முகத்தைப் பார்த்தார். கேலியே இல்லை. எழுந்து போனார். மழைக்குப் பிறகு சிறுமலை ஓடைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அதில் முங்கியவருக்குத்தான் தெரியும். பல் கிடுகிடுக்க, ஈர வேட்டியோடு திரும்பி வந்தார்.

"இனி சொல்லி அனுப்பணும். இறந்தது யாருக்கெல்லாம் சொந்தம்?"

தில்லைநாயகம் யோசித்தார். "எனக்கு. அப்புறம் அவனுக்கு."

"அவருக்குச் சொல்லியாச்சா?"

"அவன் ஃபோனுலயே தெரிஞ்சிருக்குமே."

"கல்யாணத்த ஃபோனுல சொன்னாருன்னு கோவிச்சுக்கிட்டீங்க. துக்கத்த ஃபோனுலயே தெரிஞ்சுக்கட்டும்னு விடுறீங்களா?"

தில்லைநாயகம் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார்.

"அதுக்காக, அவன் கூப்பிடாம நான் எப்படிம்மா போறது?"

"கல்யாண வீட்டுக்குக் கூப்பிடணும். துக்க வீட்டுக்கு?"

தில்லைநாயகம் உள்ளே போய்க் காய்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பாதை சரியாகிவிட்டது, மத்தியானம் பேருந்து வரும் என்று கீழிருந்து தகவல் வந்திருந்தது. குரு துணைக்கு நடந்தார். வழியெல்லாம் சீடர் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். 'சவரி, சுடர் போயிட்டுதுடே.' அது சரியாக வரவில்லை. 'சவரி, என்மேல தப்பு இல்ல, டவர் போயிட்டு.' அதுவும் சரியாக வரவில்லை.

பேருந்து வந்து நின்றது. முதலில் இறங்கியவர் வழுக்கைத் தலையும் கசங்கிய சட்டையுமாக இருந்தார். அவர் தோளிலும் ஒரு துண்டு இருந்தது. தில்லைநாயகத்தைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார்.

"எலேய்! நீ உயிரோடயா இருக்க?"

"சவரி!"

"ஃபோன் போட்டா போகவே இல்ல. வீட்டுல கேட்டா மலையில மழை, மரம் விழுந்துட்டு, லைன் கிடைக்கலங்காவ. சண்டை போட்டப்பவே விடாதவன் இப்ப விட்டுட்டான்னா, ஆளே போயிட்டான்னுல்ல நினைச்சேன்! விடியக்காலையில பஸ் ஏறுனேன். வழியெல்லாம் அழுதுகிட்டே வாரேன். கண்டக்டர் டிக்கெட் கேக்கவே பயந்துட்டாரு."

"நான் உங்கிட்டச் சொல்லத்தான் கிளம்புனேன்டே."

"என்னத்தச் சொல்ல?"

"சுடர் போயிட்டுதுன்னு."

சவரிமுத்து நண்பனின் தோளில் இருந்த துண்டைப் பார்த்தார். தன் தோளைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, நடு ரோட்டில் வெட்கமில்லாமல் அழுதார்கள். பின்னால் இறங்க வேண்டியவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அவர்களும் உச்சுக் கொட்டினார்கள்.

அழுகை முடிந்ததும் சண்டை தொடங்கியது.

"கல்யாணத்துக்கு ஏம்ல வரல?"

"நேர்ல வந்து ஏம்ல கூப்பிடல?"

"எனக்கு அப்ப முட்டு வலி. உன் வீட்டு மாடி ஏற முடியல. உனக்கு அது தெரியுமா?"

"நீ சொன்னாத்தான தெரியும்!"

"சொல்லித்தான் ஆகணுமோ? மூணு மாசமா வீட்டுல ஃபேன் ஓடல. அத நான் சொன்னனா? தினமும் படம் எடுத்து அனுப்புனேன். எறக்கை மூணும் தனித்தனியாத் தெரியுது. காயில் கட்டுறவன், பாத்ததும் என்னலே ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேப்பன்னு பாத்தேன். வேற மெக்கானிக்கக்கூட நான் கூப்பிடல. வேர்த்து ஊத்திக்கிட்டுப் படுத்துக் கிடக்கேன்!"

தில்லைநாயகம் குருவைப் பார்த்தார். குரு ரோட்டோரத்துக் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டென்சர் போயிருக்கும்," என்றார் தில்லைநாயகம் மெதுவாக. "நாளைக்கு வந்து பாக்கேன்."

"நான் இங்க இருக்கும்போது நீ மட்டும் எப்படிப் போவ? சேந்தே போவோம்."

ஆசிரமத்தில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஆறிப்போன இட்லியை நல்லம்மை உதிர்த்துத் தாளித்திருந்தார். சவரிமுத்து மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாட்டின் நடுவிலும் கல்யாணச் சண்டை விட்ட இடத்திலிருந்து இரண்டு முறை தொடர்ந்தது.

பொழுது சாயும் நேரத்தில் இரண்டு சட்டைப் பைகளும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டன. சிக்னல் வந்துவிட்டது. தில்லைநாயகம் அவசரமாக எடுத்துப் பார்த்தார். சவரிமுத்துவின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. வெறும் பெயர் மட்டும் இருந்தது.

"விடுல, புதுசா ஆரம்பிப்போம்," என்றார் சவரிமுத்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனின் முகத்துக்கு நேரே கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். தில்லைநாயகமும் அவர் முகத்துக்கு நேரே தூக்கினார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழ இடம்தான் இருந்தது.

அப்போதுதான் தில்லைநாயகத்துக்குக் குருவின் நினைவு வந்தது. கையை இறக்கினார்.

"அம்மா, மறுபடியும் ஏத்தலாமா?"

நல்லம்மை தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்யா."

"எங்க சர்ச் வழக்கத்துல முப்பது நாளும்மா," என்றார் சவரிமுத்து.

"அப்ப முப்பதாவே இருக்கட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் எது சொல்றதா இருந்தாலும் நேர்ல போய்த்தான் சொல்லணும்."