பொங்கல் வைத்த சக்கைத் தட்டு

ராஜா காலத்துக் கதை இல்லை, போன தையில் நடந்தது.

கரும்புச் சக்கையில் தட்டு செய்யும் ஆலையில் பாவாயிக்கு வேலை. ஆலைக்குப் பின்னால் கொட்டிய உடைந்த தட்டுகளைத் தின்று அவளுடைய ஒரே பசு வயிறு உப்பிச் செத்தது. புதைத்தாச்சு.

"குழம்பு ஒழுகக் கூடாதுன்னு தட்டுக்குள்ள பிளாஸ்டிக் ஒட்டறீங்க. அதான் கொன்னுது. வேற மாடு வாங்கிக் குடுங்க" என்று முதலாளி சென்னியப்பனிடம் கேட்டாள்.

"அத்தனையும் சுத்தமான சக்கை. மாடே திங்கலாம். இல்லேன்னா நிரூபி பாக்கலாம்!"

புதைத்த மாட்டை வைத்து எதை நிரூபிப்பது?

மாட்டுப் பொங்கலன்று சென்னியப்பன் தொழுவத்தில் ஊரே நின்றது, தட்டு வாங்கும் வியாபாரிகளும் நின்றார்கள். பாவாயி ஆலைத் தட்டிலேயே பொங்கல் வைத்து அவருடைய காங்கேயம் பசுவுக்கு நீட்டினாள். பொங்கலை நக்கிய பசு தட்டையும் கடித்தது.

சென்னியப்பன் பாய்ந்து பிடுங்கினார். "அறிவிருக்கா? உள்ள பிளாஸ்டிக் இருக்கு, மாடு செத்துரும்!"

"அதைத்தானுங்க நானும் சொன்னேன்."

வியாபாரிகள் அப்போதே கிளம்பிவிட்டார்கள். மறுவாரம் ஆலைக்குப் பூட்டு. பாவாயிக்கு மாடும் வரவில்லை, வேலையும் போச்சு. அவள் ஜெயித்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிழைத்தது அவருடைய பசு மட்டும்தான்.