பச்சைப் பூச்சி போட்ட எல்லை

தூங்குறவங்க தூங்கிக்கிட்டே கேளுங்க கண்ணுங்களா. யானைக்கு வரி இல்லாமல் கொசுவுக்கு வரி வாங்கிய காலத்தில், மண்டலவர்மன் என்று ஒரு ராசா இருந்தார்.

ஒருநாள் அவர் கிரீடத்தில் பச்சை அந்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. பட்டுச்சேலை மாதிரி இறக்கை. ராசாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தப் பூச்சி முட்டை வைக்கிற இடமெல்லாம் என் நாடு! முட்டை இல்லாத இடம் அந்நிய நாடு. அங்கே நான்கூடக் கால் வைக்க மாட்டேன்!" என்று முரசு அறைந்தார்.

அந்தப் பூச்சி அரளியில் முட்டை வைக்கும், நந்தியாவட்டையில் வைக்கும், நித்தியகல்யாணியில் வைக்கும். ராசாவும் மந்திரியும் சேனையோடு அதன் பின்னாலேயே ஓடினார்கள். பூச்சி கோயில் நந்தவனத்துக்குப் போனது, கோயில் ராசாவுக்கு. சுடுகாட்டு அரளிக்குப் போனது, சுடுகாடும் ராசாவுக்கு. மூன்றாவதாக, ஆற்றுக்கு அக்கரையில், பூக்கட்டும் பொன்னுருவியின் கொல்லைக்குப் போனது.

பொன்னுருவி இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்தாள். "இது அடுத்த ராசா நாடுங்க, சாமி. இந்த அரளிதான் எங்க சோறு."

"முட்டை இருக்கா இல்லையா?"

"இருக்குங்க. பொரிச்சுப் புழுவாவும் இருக்குங்க."

இலையில் கொழுத்த பச்சைப் புழு, நீலக்கண்ணால் முறைத்தது. ராசா துள்ளி மந்திரி இடுப்பில் ஏறிக்கொண்டார். "ஐயோ! இந்தச் சனியனுக்குப் பயந்துதானே அரண்மனையில் இந்த மூணு வகைச் செடியையும் வேரோடு பிடுங்கினேன்!"

"இந்தப் புழுதாங்க அந்தப் பூச்சி," என்றாள் பொன்னுருவி, தலை குனிந்தபடி.

"வாயாடாதே. விடிஞ்சதும் வீட்டைக் காலி பண்ணு!"

ராசா ஊர் திரும்பினார். அரண்மனை வாயிற்காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"அடேய், நான் ராசாடா!"

"அப்போ இன்னும் மோசம். உள்ளே செடியில்லை, முட்டையில்லை. அந்நிய நாடு. நீங்க நுழைஞ்சா போர் வந்துடும்."

"நீ மட்டும் எப்படி நிக்கிறே?"

"நானும் இப்போ அந்நியன்தானுங்க."

"சட்டத்தை மாத்துறேன், முரசை எடுத்துவா!"

"அது எங்க நாட்டு முரசுங்க."

கொல்லைப்புறம் போனார், தடுத்தார்கள். சன்னலில் ஏறினார், தள்ளினார்கள். சாக்கடையில் நுழைந்தார், மாட்டிக்கொண்டார்.

சேறு சொட்டச் சொட்ட, விடியுமுன் பொன்னுருவி வாசலில் போய் நின்றார்.

"ஒரு அரளிக் குச்சி குடு தாயே."

"முதல்ல என் கொல்லையை எனக்குக் குடுங்க."

சேனையின் காதுபடச் சொல்லி, கொல்லையைத் திருப்பிக் கொடுத்தார். குச்சியை அரண்மனை வாசலில் நட்டு, அது துளிர்த்து, பூச்சி வந்து முட்டை வைக்கும்வரை வெளியிலேயே படுத்தார். புழு பிறந்ததும் காக்காய் கொத்தாமல் குடை பிடித்து, அதுக்குத் தாலாட்டும் பாடினார்.

அடுத்தவர் வீட்டை அளக்க எடுத்த கோல், ஒருநாள் நம் வாசலையும் அளக்கும்.