விறகு பிளக்கும் மெஷினும் குருவிப்பொத்தை முதலாளிகளும்

குருவிப்பொத்தையில் விறகுக்கடை வைத்திருந்த நான்கு பேரைப் பற்றிச் சொல்கிறேன். நால்வரும் நல்லவர்கள். பொய் பேச மாட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அவர்களுக்கு வந்த வினை எல்லாம் இந்த இரண்டாவது குணத்தால்தான் வந்தது.

மூத்தவர் ஆவுடையப்பன். பேசுவதற்கு முன் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். கனைத்து முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும். சொரிமுத்து எதற்கும் ஒரு காரணம் கையில் வைத்திருப்பார். இசக்கி அந்தக் காரணத்தை மறுப்பார். பலவேசம் அந்த இருவர் சொல்வதும் சரி என்பார். கடையில் எந்த விஷயமானாலும் கை தூக்கித்தான் முடிவெடுப்பார்கள், அதாவது முடிவெடுக்க முயற்சி செய்வார்கள்.

கடையில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் ஒருநாள் கேரளாவுக்கு வேலைக்குக் கிளம்பினார். கோடாலியைச் சுவரில் சாத்திவைத்து, "நான் வாற வரைக்கும் இத யார் கையிலயும் குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கோடாலி அங்கேயே நின்றது. முதலாளிகள் கையும் கைதானே? தவறிப்போய்த் தொட்டுவிடக் கூடாது என்று, அந்தச் சுவரைக் கடக்கும்போது நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு கடந்தார்கள்.

பிளக்க ஆளில்லாமல் புளியங்கட்டைகள் கடையை ஒட்டிய ஆவுடையப்பன் வீட்டு முற்றத்தில் மலையாகக் குவிந்தன. அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பனின் ஒரே மகள் உலகம்மாளுக்குக் கல்யாணம் கூடிவந்தது.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவளுக்கு நல்ல இடங்கள் முன்பே வந்ததுண்டு. "பொண்ணப் பாக்க வாறோம்" என்று ஒரு வீட்டார் வந்தார்கள். அவர்கள் பார்த்து முடித்ததும், "பாத்தாச்சுல்லா, போயிட்டு வாங்க" என்று ஆவுடையப்பன் கும்பிட்டு வழியனுப்பிவிட்டார். இன்னொரு வீட்டார், "கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்றார்கள். பேசட்டும் என்று அவர்களை ஓர் அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார். இந்தத் தடவை ஏதாவது கெட்டுப்போனால் தனக்குக் கல்யாணமே இல்லை என்று உலகம்மாளுக்குத் தெரியும். பாவம், தகப்பனார் மேல் அவளுக்குக் கோபமும் வராது.

சமையலுக்குப் பேசியிருந்தவர் சிவனணைந்தான். வாய் கொஞ்சம் காரம், கைப்பக்குவத்துக்கு ஈடு கிடையாது. முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முழுக்கட்டையை அடுப்பில் வைத்துத் தான் என்னத்தை எரிப்பது என்று கேட்டார்.

"முந்தின நாள் மத்தியானம் வருவேன் அண்ணாச்சி. பொளந்த வெறகு இல்லன்னா அடுப்பு பத்த வைக்க மாட்டேன். அண்டா ஏனத்தத் தூக்கிட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்."

மாப்பிள்ளை வீட்டாரோ பந்தியில் அப்பளம் உடைந்திருந்தாலே முகம் சுளிக்கிறவர்கள். அடுப்பே எரியவில்லை என்றால் தாலியைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்த வேனிலேயே திரும்பிவிடுவார்கள்.

அப்போதுதான் பலவேசம் செல்போனில் ஒரு படம் காட்டினார். ஹைட்ராலிக் மெஷின். கட்டையைப் படுக்க வைத்தால், எண்ணெயின் அழுத்தத்தில் ஓர் இரும்புத் தண்டு அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கத்தியில் முட்டுகிறது. கட்டை வேகவைத்த கிழங்கு மாதிரி இரண்டாகிறது. நால்வரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். ஒன்று வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. வாங்குவதா, செய்வதா என்பதில்தான் சிக்கல்.

சொரிமுத்து வாங்கலாம் என்றார். எனவே இசக்கி செய்யலாம் என்றார்.

"வாங்குத மெஷினுக்கு நம்மளத் தெரியாது வே. நாம செஞ்சதுன்னா நம்ம சொல்லுக் கேக்கும்."

"நீரு பெத்த பயலுவளே உம்ம சொல்லக் கேக்க மாட்டேங்கானுவ."

இசக்கி விட்டுக்கொடுக்கவில்லை. "அது வீட்டுல செஞ்சது. இது பட்டறைல செய்யப் போறது" என்றார்.

கை தூக்கினார்கள். வாங்க ஒரு கை, செய்ய ஒரு கை. பலவேசம் இரண்டு கையையும் தூக்கினார். ஆவுடையப்பன் தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் லேத் பட்டறை ஜெபமணியிடம் போனார்கள். பொறுமைசாலி என்று ஊரில் பெயரெடுத்தவர். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்வரை இரண்டு பக்க வாதத்தையும் கேட்டார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னைய விட்டுருங்க அண்ணாச்சி. வாங்குததையும் செய்யுததையும் ஒரே கட்டைல போட்டு ஓட்டிப் பாருங்க. எது நல்லா பொளக்கோ, அத வச்சுக்கிடுங்க."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியுமா? நால்வரும் மனம் குளிர்ந்து திரும்பினார்கள்.

முதலில் டவுனில் மெஷின் விற்கும் கடைக்குப் போன் போட்டார்கள். கடைக்காரர் உற்சாகமாக, "ஒங்க கட்டையவே கொண்டாங்க, ஓட்டிக் காட்டுதேன்" என்றார்.

எந்தக் கட்டையைக் கொண்டுபோவது என்று ஒரு கூட்டம் நடந்தது. ஒரு கட்டை பிளந்துவிட்டது என்பதற்காக மற்றக் கட்டைகளும் பிளக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது என்று கேட்டார் சொரிமுத்து. வாழ்க்கையில் முதல்முறையாக இசக்கி அவரோடு ஒத்துப்போனார். முற்றத்துக் கட்டை முழுவதையும் டிராக்டரில் ஏற்றினார்கள்.

டிராக்டரைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் வியாபாரம் அல்லவா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளக்க ஆரம்பித்தார். நால்வரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டை பிளக்கும்போதும் தலையாட்டினார்கள். டீ வாங்கிக் கொடுத்ததும் கடைக்காரர்தான். பொழுது சாய்வதற்குள் கடைசிக் கட்டையும் பிளந்து விழுந்தது.

"எப்டி இருக்கு?" என்றார் கடைக்காரர், மூச்சு வாங்கியபடி.

"ரொம்பப் பிரமாதம்" என்றார் ஆவுடையப்பன். "இனிமே நாங்க போயி ஒண்ணு செஞ்சு பாக்கணும்."

பிளந்த விறகை மறுபடியும் ஏற்றிக்கொண்டு டிராக்டர் கிளம்பியபோது, அந்த மனிதர் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று கேள்வி. எனக்கே அவரை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

முற்றத்தில் விறகு இறங்குவதைப் பார்த்து உலகம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்பு எரியும், கல்யாணம் நடக்கும்.

"யப்பா, அதான் எல்லாம் பொளந்தாச்சே. இனி மெஷின் எதுக்கு?"

ஆவுடையப்பன் மகளை இரக்கத்தோடு பார்த்தார். "நாங்க வெறகு பொளக்கப் போகல தாயீ. முடிவு பண்ணப் போனோம். அது இன்னும் பாதிலதான் நிக்கி" என்றார்.

அடுத்து மெஷின் செய்யும் வேலை. ஜெபமணி ஒரு பழைய லாரி ஜாக்கியையும் கத்திக்கு ஒரு தகட்டையும் கொடுத்து, எப்படிப் பொருத்துவது என்று படம் போட்டும் காட்டினார். ஜாக்கிக்கு எண்ணெய் ஊற்றும்போது காற்று உள்ளே போகக் கூடாது என்று எச்சரித்தார். ஆகவே நால்வரும் ஓர் அறைக்குள் புகுந்து, கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் எல்லாம் பழந்துணியைத் திணித்தார்கள். பலவேசம் ஒருமுறை தும்மிவிட்டார். அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை நடந்தது.

இரும்புச் சட்டம் வேண்டும் என்று ஜெபமணி சொல்லியிருந்தார். இரும்புக்கு நிகரான உறுதி என்று பேர் வாங்கிய பனந்தடி வீட்டிலேயே கிடந்ததால் அதைப் போட்டார்கள். எண்ணெய் விஷயத்தில் மட்டும் தகராறு வந்தது. கடையில் விற்கும் மெஷின் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்றார் சொரிமுத்து. வீட்டுக்கு முதல்முதலாக வருகிற ஜீவனுக்கு நல்லெண்ணெய்தான் மரியாதை என்றார் இசக்கி. கல்யாணத்துக்கு வாங்கி வைத்த டின்னில் பாதி காலியானது.

மெஷின் தயார். அப்போதுதான் ஜெபமணியின் வார்த்தை அவர்களுக்கு நினைவு வந்தது. ஒரே கட்டையில் அல்லவா இரண்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்? அந்தக் கட்டையோ பிளந்து கிடந்தது.

"வேற கட்டை வாங்கிப் போட்டுப் பாக்கலாமே" என்றார் பலவேசம்.

மற்ற மூவரும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். "அது நியாயமா வே?" என்றார் ஆவுடையப்பன். "கடைக்காரருக்கு ஒரு கட்டை, நமக்கு ஒரு கட்டையா? நாளைக்கு அவரு வந்து கேட்டா மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

எனவே பிளந்த விறகையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பழையபடி கட்டையாக்க உட்கார்ந்தார்கள். அந்த உழைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. எந்தத் துண்டு எந்தத் துண்டோடு பிறந்தது என்று கணுவைப் பார்த்து, பட்டையைத் தடவி, சமயத்தில் முகர்ந்துகூடப் பார்த்தார்கள். பொருத்தம் பார்த்துச் சேர்த்து, தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். உலகம்மாளின் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வேலை முடிந்தது. முதல் கட்டையை மெஷினில் படுக்க வைத்து ஜாக்கியை அடித்தார்கள். கட்டை கத்தியில் போய் முட்டியது. இன்னும் அடித்தார்கள். கயிறு அசையவில்லை. படார் என்று ஒரு சத்தம். பனந்தடி தலையிலிருந்து கால்வரை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"பொளந்துட்டு" என்றார் இசக்கி, மெதுவாக.

"பொளந்தது மெஷின்லா வே" என்றார் சொரிமுத்து.

"பொளக்கச் சொன்னோம். எதப் பொளக்கணும்னு சொன்னமா?"

இது பிளந்த கணக்கில் சேருமா சேராதா என்று அவர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே சிவனணைந்தான் அண்டா குண்டாவோடு வந்து இறங்கினார். முற்றத்தைப் பார்த்தார். போனமுறை எப்படிப் பார்த்தாரோ அப்படியே மலைபோல முழுக்கட்டைகள். கயிறு மட்டும் புதிது. இறக்கிய அண்டாவைத் திரும்ப வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார். ஆவுடையப்பன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, இன்னும் ஒரு விஷயம்தான் முடிவாக வேண்டும், அதுவரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சினார். மாப்பிள்ளை வீட்டாரின் வேன் ஊருக்குள் நுழைந்துவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள்.

உலகம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். முகத்தில் பூசிய மஞ்சள் காயவில்லை. யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வண்டியில் இருந்த சமையல்காரரின் காய்கறிக் கத்தியை எடுத்தாள். முதல் கட்டையின் கயிற்றில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். கட்டை நாலு துண்டாக விழுந்தது. அடுத்த கட்டை. அதற்கடுத்தது. சிவனணைந்தான் வாயைத் திறந்தபடி அண்டாவைக் கீழே வைத்தார். வேன் வாசலுக்கு வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. அப்பளம் ஒன்றுகூட உடையவில்லை. மகளை வழியனுப்பும்போது ஆவுடையப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதார். பெண்ணைப் பெற்றவர் துக்கம் என்று எல்லாரும் தேற்றினார்கள். அவருக்கு அந்தத் துக்கமும் இருந்தது. ஆனால் உள்ளே குடைந்தது வேறு. "காய்கறிக் கத்தில கட்டைய நாலாப் பொளக்கத் தெரிஞ்ச புள்ள, இத்தன வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று பலவேசத்தின் தோளில் சாய்ந்து புலம்பினார்.

மறுவாரம் புதுக் கட்டைகள் வந்து இறங்கின. இந்தமுறை குழப்பமே இல்லை. கட்டைக்கு ஒரு கயிறு கட்டினார்கள். அதே மாதிரி காய்கறிக் கத்தியை வைத்து, அதே மாதிரி ஓர் இழுப்பு. கயிறு அறுந்து விழுந்தது. கட்டை அப்படியே இருந்தது.

இன்னொரு கட்டை. அதுவும் அப்படியே இருந்தது.

நால்வரும் குந்தி உட்கார்ந்து அறுந்த கயிற்றை ஆராய்ந்தார்கள். சொரிமுத்து அதை முறுக்கிப் பார்த்தார். இசக்கி கடித்துப் பார்த்தார். கத்தியில் கோளாறு இல்லை, கட்டையிலும் கோளாறு இல்லை, கயிறுதான் சரியில்லை என்பதில் நால்வருக்கும் ஒரே கருத்து. கட்டை பிளக்கும் கயிறு முன்பு கட்டியதுதான். அதையெல்லாம் கல்யாண அடுப்பில் போட்டு எரித்தாகிவிட்டது. இனிப் புதிதாகத்தான் வேண்டும்.

"கடைல வாங்கிருவோம்" என்றார் சொரிமுத்து.

"நாமளே திரிச்சாத்தான் சொல்லுக் கேக்கும்" என்றார் இசக்கி.

பலவேசம் இரண்டு கையையும் தூக்கினார். ஆவுடையப்பன் தொண்டையைக் கனைத்தார். பிறகு நால்வரும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு கோடாலிச் சுவரைக் கடந்து, ஜெபமணியிடம் யோசனை கேட்கக் கிளம்பினார்கள்.