மூன்று இருக்கைகளும் ஓர் ஆட்காட்டியும்

ஒரு காட்டுக் குளத்தைக் கட்டைவால் என்ற குரங்கு ஆண்டு வந்தது. ஆளும் வித்தையை அது ஒரு டேப்லட்டில் கற்றது.

வன விடுதிக்கு வந்த யாரோ மறந்துவிட்டுப் போன டேப்லட். வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏற்றும் தகடும் கூடவே இருந்தது. உள்ளே ஒரு விளையாட்டு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய ராஜ்யம் ஒன்றை ராஜாவாக இருந்து நடத்த வேண்டும். கோட்டைகள் உண்டு, குதிரைப்படை உண்டு, கோபக்காரச் சிற்றரசர்கள் நிறைய உண்டு. மூன்று முறை அவர்கள் கலகம் செய்து கட்டைவாலின் முடியைப் பறித்தார்கள். நான்காவது முறை அதற்கு ஒரு ரகசியம் பிடிபட்டது.

“கலகக்காரனைச் சிறையில் போட்டால் கலகம் வளர்கிறது. அவனுக்கே அரசவையில் ஓர் இருக்கை கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறான்!”

அதன் பிறகு அந்த ராஜ்யம் நூற்றிருபது ஆண்டுகள் அமைதியாக இருந்தது. விளையாட்டின் அரசவையில் மூன்று இருக்கைகள். ஆகவே குளத்து அரசவையிலும் மூன்று இருக்கைகள்.

சித்திரையில் குளம் வற்றியது. வடக்கு மூலையில் ஒரு மடு மட்டும் மிஞ்சியது. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. இறங்குவதற்கு ஒரே துறை. கட்டைவால் அதை அரண்மனைத் தடாகம் என்று அறிவித்தது. குடிகள் சேற்றை நக்கினார்கள்.

முதலில் முள்ளம்பன்றி கூட்டம் கூட்டிக் கத்தியது. அதைத் தூதர் ஆக்கினார்கள். எந்த நாட்டுக்கும் அனுப்பவில்லை. அடுத்து உடும்பு கத்தியது. அது ஒற்றர் தலைவர் ஆனது. கடைசியாகக் காட்டுப்பன்றி கத்தியது. அது தளபதி ஆகி, துறையின் குறுக்கே படுத்துக்கொண்டது. மூன்றுக்கும் மடுவில் தினம் ஒரு முழுக்கு. அன்றிலிருந்து மூன்றும் நாட்டு நிலைமை பற்றிப் பொறுப்போடு பேசின.

குளக்கரைக் கூழாங்கல்லில் ஆட்காட்டிப் பறவைகள் முட்டையிட்டிருந்தன. முப்பது கூடுகள். கூடு என்றால் தரையில் ஒரு குழி, அவ்வளவுதான். வெயில் ஏறினால் முட்டை வெந்துவிடும். அதனால் ஆட்காட்டி தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். இப்போது மடுவில் மட்டும்தான் தண்ணீர்; பறந்து போனாலும் கால் ஊன்றி வயிற்றை நனைக்க அந்தத் துறையை விட்டால் இடம் இல்லை.

நான்கு முட்டை வைத்திருந்த ஓர் ஆட்காட்டி அரசனின் ஆலமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

“மடுவைத் திற! மடுவைத் திற!”

கட்டைவால் டேப்லட்டை ஓரமாக வைத்தது. “கலகம். சரி, எந்தப் பதவி காலி?”

“எதுவும் காலி இல்லீங்க அரசே,” என்றது முள்ளம்பன்றி.

“அப்ப நீ காலி பண்ணு.”

முள்ளம்பன்றி திகைத்தது. கட்டைவால் மரத்திலிருந்து குனிந்தது. “ஆட்காட்டியே! இனி நீதான் தூதர். தினம் ஒரு முழுக்கு. உன் நாலு முட்டையும் பிழைக்கும்!”

ஆட்காட்டியின் ஜோடியான சேவல் ஓடி வந்தது. “வாங்கிக்கம்மா. உள்ள போய் எல்லாருக்குமாப் பேசலாம்.”

“முள்ளம்பன்றியும் அப்படித்தானே போச்சு?”

“அது வேற.”

“எப்படி வேற?”

சேவல் கூட்டைக் காட்டியது. “முட்டையைத் தொட்டுப் பாரு. கொதிக்குது!”

ஆட்காட்டி தொட்டுப் பார்த்தது. கொதித்தது. அது துறையை நோக்கி மூன்று அடி நடந்தது. வழியில் பக்கத்துக் கூடு. அங்கே இன்னோர் ஆட்காட்டி தன் முட்டைகளுக்கு மேல் சிறகை விரித்து நிழல் பிடித்து நின்றது. அலகு பிளந்திருந்தது. அதன் முட்டைகளும் நான்குதான்.

ஆட்காட்டி திரும்பியது. “வேண்டாம்! மடுவைத் திற!”

கட்டைவால் குழம்பியது. டேப்லட்டை எடுத்து விரலால் தள்ளித் தள்ளித் தேடியது. அந்த ராஜ்யத்தில் பதவி கொடுக்கப் பொத்தான் இருந்தது, பிடுங்கப் பொத்தான் இருந்தது. வேண்டாம் என்பதற்கு ஒன்றும் இல்லை. நூற்றிருபது ஆண்டுகளில் யாரும் வேண்டாம் என்றதில்லை.

“பதவி சின்னதா இருக்கும்போல,” என்று முடிவு கட்டியது. “உடும்பே, எழுந்திரு! ஆட்காட்டி, நீ ஒற்றர் தலைவர்!”

“வேண்டாம்! மடுவைத் திற!”

உடும்பு கரைக்கு வந்தது. முள்ளம்பன்றி ஏற்கெனவே அங்கே இருந்தது.

“இது அநியாயம்!” என்றது உடும்பு.

“நேத்து வரைக்கும் நியாயமா இருந்துச்சே?” என்றது ஆட்காட்டி.

“அண்ணன் அப்ப உள்ள இருந்தாரு,” என்றது சேவல்.

முள்ளம்பன்றியும் உடும்பும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மடுவைத் திற!” என்று கத்தத் தொடங்கின. பழகிய தொண்டை. ஆட்காட்டியைவிடச் சத்தமாகவே வந்தது.

வெயில் உச்சிக்கு ஏறியது. கட்டைவாலுக்கும் வியர்த்தது.

“தளபதி! பதவியை ஆட்காட்டிக்குக் கொடு!”

காட்டுப்பன்றி படுத்தபடியே கேட்டது. “நான் எந்திரிச்சா துறையை யாரு மறிக்கிறது?”

“புதுத் தளபதி.”

“அது ஒரு சாண் பறவை அரசே!”

“எனக்கு ராஜதந்திரம் சொல்லித் தருகிறாயா? எழுந்திரு!”

காட்டுப்பன்றி எழுந்தது. சேற்றை உதறியது. நேராகக் கரைக்குப் போய் முள்ளம்பன்றியின் பக்கத்தில் நின்றது.

“ஆட்காட்டியே, தளபதி பதவி! இதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை!”

“வேண்டாம்!” என்றது ஆட்காட்டி. துறையைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. “வாங்க எல்லாரும்!”

முப்பது கூட்டுப் பறவைகளும் துறையில் இறங்கின. கட்டைவாலின் கூட்டத்துக் குரங்குகள் கல்லெடுத்தன. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு குறுக்கே நின்றது; அந்த ஒரு காரியத்தை அது ஒழுங்காகவே செய்தது. காட்டுப்பன்றி உறுமியது. குரங்குகள் கல்லைக் கீழே போட்டன.

“கலக அபாயம் பூஜ்யம்!” என்று கட்டைவால் டேப்லட்டைத் தூக்கிக் காட்டியது. “இதோ பாருங்கள், இதிலேயே போட்டிருக்கிறது!”

யாரும் பார்க்கவில்லை. அன்று மாலை அது வேறு காட்டுக்குக் கிளம்பியது. ஆள்வதற்கு அதன் கையில் இன்னொரு ராஜ்யம் இருந்ததால் பெரிதாக வருந்தவில்லை.

ஆட்காட்டியின் நான்கு முட்டைகளில் இரண்டு பொரிந்தன. மற்ற இரண்டும், அது வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்த நேரத்தில் வெந்துவிட்டன. பக்கத்துக் கூட்டில் நான்கும் பொரிந்தன.

மறுவாரம் குளக்கரையில் வெற்றிக் கூட்டம் நடந்தது. மடுவைத் திறந்த கதையை முள்ளம்பன்றி ஒரு மணி நேரம் பேசியது. உடும்பு அதை வழிமொழிந்தது. ஆட்காட்டி வரவில்லை, குஞ்சுகளுக்கு இரை தேடப் போயிருந்தது.

பதவி கொடுத்து வாயடைத்தே நடக்கும் ஆட்சி, வேண்டாம் என்று சொல்லும் ஒரே ஒரு வாய் போதும், கவிழ்ந்துவிடும். ஆனால் அதற்கான விலையை அந்த வாய்க்கு உரியவரே கொடுக்க வேண்டியிருக்கும்.