வாயிலில் நின்ற ஓராண்டு

முன்னொரு காலத்தில், பெயரை எழுதிவைக்க எவரும் நினைக்காத ஒரு நாட்டில், இரக்க குணமுள்ள அரசர் ஒருவர் இருந்தார். ஒருநாள் உணவருந்தும்போது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அரசுப் பணியில் உடல் ஊனமுற்றவருக்கு ஆயுள் முழுவதும் நாளுக்கு ஒரு படி அரிசி வழங்க வேண்டும் என்று, கை கழுவுமுன்பே ஆணையிட்டுவிட்டார்.

அமைச்சர் வில்லவராயர் அதில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தார். மனுதாரர் பத்தாண்டுகள் அரசுப் பணி செய்திருக்க வேண்டும். மனு அவைக்கு வரும் நாளுக்கு முந்தைய ஓராண்டும் இடைவிடாது பணியில் இருந்திருக்க வேண்டும்.

கல்தச்சன் கொற்றன் இருபத்திரண்டு ஆண்டுகள் கோட்டை மதில் கட்டியவன். கல் சரிந்து இரு கைகளும் நசுங்கின. புண் ஆறியதும் அமைச்சரிடம் வந்தான்.

“கடந்த ஓராண்டில் என்ன பணி செய்தாய்?”

“கை ரெண்டும் போன பெறவு என்னத்தைச் செய்ய, சாமி?”

“யோசிக்க வேண்டும். நாளை வா.”

ஓராண்டுக்குப் பின் அரண்மனை வாயிலில் அவனைக் கண்டார் அவை விகடகவி சேந்தனார். விவரம் கேட்டார்.

“தெனமும் ‘நாளைக்கு வந்து வாசல்ல நில்லு’ங்கறாரு அமைச்சரு. வரச் சொன்னா வரணுமில்லீங்களா? ஒருநாள் வரலேன்னாலும் மனு தள்ளுபடின்னுட்டாரு. பொஞ்சாதி நெல்லுக் குத்தித்தான் கஞ்சி ஊத்தறா. இப்ப அவளுக்கும் இடுப்பு முடியலைங்க.”

சேந்தனார் அவனை அன்றே அரசர் முன் நிறுத்தினார். சேந்தனார்மீது நெடுநாள் பொறாமை கொண்டிருந்த அமைச்சர் புன்னகைத்தார். “ஆணையில் ஓர் எழுத்தும் மாறாமல் சேந்தனார் இவனுக்கு அரிசி பெற்றுத் தரட்டும், அரசே. இயலாவிடில் அவையை விட்டு விலகட்டும்.”

வேடிக்கையில் விருப்பமுள்ள அரசர் சம்மதித்தார். சேந்தனார் பணிவுடன் வாயிற்காவலனை அழைத்தார்.

“ஐயா, உமது பணி யாது?”

“காலை முரசுலேர்ந்து மாலை முரசு வரைக்கும் வாசல்ல நிக்கிறதுங்க.”

“நின்று?”

“நிக்கிறதுதாங்க.”

அவை நகைத்தது.

“யார் ஆணைப்படி?”

“அமைச்சர் ஆணைப்படிங்க.”

“இக்கொற்றன்?”

“என் பக்கத்துலதாங்க நிக்கிறாரு. எனக்கு முந்தியே வந்திருவாரு. நான் சோறு திங்கப் போனா அவருதான் வாசலைப் பாத்துக்குவாரு. ஆணைப்படி நிக்கிறவுக பேரையெல்லாம் ஓலையில எழுதுறது வழக்கமுங்க. அவரு பேரு முந்நூத்தி எழுபது நாளா இருக்கு.”

சேந்தனார் கைகூப்பினார். “அதே வாயில், அதே முரசு, அதே அமைச்சரின் ஆணை. காவலர் நிற்பது அரசுப் பணியெனில் இவர் நிற்பதும் அரசுப் பணியே. ஒருவேளை அமைச்சர் பெருமான் ஆணையிடவில்லை என்றால், கையிழந்த ஒருவரை ஓராண்டு வெயிலில் நிறுத்தியது எதற்கென்று அவரே அருள்கூர்ந்து சொல்லட்டும்.”

வில்லவராயர் தமது அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார்.

“ஆணையிட்டது நான்தான், அரசே.”

“அரிசி உனக்கு உண்டு, கொற்றா” என்றார் அரசர்.

கொற்றன் தயங்கினான். “அப்ப நாளைக்கு வரவேண்டாங்களா, மகாராசா?”

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சேந்தனாருக்குப் பட்டாடை போர்த்தி, வேண்டியதைக் கேட்கச் சொன்னார்.

“ஆணையிலுள்ள அந்த ஓராண்டை, இனி மனு வரும் நாளிலிருந்து அல்லாமல், ஊனமுற்ற நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டுகிறேன், அரசே.”

அமைச்சரே எழுத்தாணி எடுத்து ஆணையைத் திருத்தினார். மாலையில் அரண்மனைக்கு வந்த கொற்றனின் மனைவி அன்றைய அரிசியை முந்தானையில் ஏந்திக்கொண்டாள்.