சக்கரத்தைப் பிடித்திருந்த சர்கிளிப்

ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒரு சக்கர நாற்காலி இருந்தது. இன்னும் பட்டறைக்குப் போகவில்லை; திரையில் படமாக மட்டும் இருந்தது. அதன் அச்சு நுனியில் ஒரு சர்கிளிப் உட்கார்ந்திருந்தது. சக்கரம் கழன்று போகாமல் தடுக்கிற மெல்லிய வளையம். அதற்கு வேறு பிழைப்பே கிடையாது, பாவம்.

வரைந்தவள் ரோஸ்லின். கம்ப்யூட்டர் திணறினால் சின்னப் பாகங்களை அணைத்து வைப்பது அந்த ஆபீஸ் வழக்கம். அணைத்த பாகம் அழியாது. ஆனால் பட்டறைக்குப் போகும் படத்தில் வராது. முடிந்ததும் எல்லாவற்றையும் எழுப்பிவிட வேண்டும். அன்றைக்கு மேனேஜர் வந்து தலைமேல் நின்றார். போல்ட்டையும் நட்டையும் எழுப்பினாள். சர்கிளிப்பை விட்டுவிட்டாள்.

இருட்டில் கிடந்த சர்கிளிப் பதறிப்போனது. கொஞ்சம் அசைந்து காட்டு, அவள் கண்ணில் படட்டும் என்று சக்கரத்திடம் கெஞ்சியது.

சக்கரம் சாவகாசமாக நகர்ந்து பார்த்தது. முடியவில்லை. "நீ இருந்தப்பவும் இங்கேதான் இருந்தேன், இப்பவும் இங்கேதான் இருக்கேன். அப்ப நீ என்னத்தைத்தான் பிடிச்சு வச்சிருந்தே?"

சர்கிளிப் யோசித்துப் பார்த்தது. உண்மைதானே! திரையில் சக்கரத்தை நிறுத்தியிருந்தது ரோஸ்லின் போட்ட ஒரு கட்டளை. இந்த அச்சில், இந்த இடத்தில் என்று அவள் சொல்லிவிட்டால் பிரளயமே வந்தாலும் நகராது.

"வெளியே அந்தக் கட்டளை வராது. அங்கே ரோடெல்லாம் குண்டும் குழியும். உன்னை நம்பி ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பா" என்றது சர்கிளிப்.

சக்கரம் குண்டு குழியைக் கண்டதே இல்லை. அச்சிடம் கேட்டது. தன் கழுத்தில் ஒரு பள்ளம் காலியாக இருக்கிறது, அழகுக்கு வைத்திருப்பார்கள் போல என்றது அச்சு. இந்த லட்சணத்தில் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? படம் பட்டறைக்குப் போனது.

கொஞ்ச காலம் கழித்து மேனேஜர் முகம் வெளிறி வந்தார். தெருவைக் கடக்கும்போது ஒரு நாற்காலியின் சக்கரம் கழன்றுவிட்டதாம். பின்னால் லாரியாம். உட்கார்ந்திருந்த அம்மா பிழைக்கவில்லையாம்.

ரோஸ்லின் அந்தப் படத்தைத் திறந்தாள். சர்கிளிப் தொண்டை கிழியக் கத்தியது. அவள் சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முறையும் இழுத்தாள். இம்மியும் அசையவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

"டிசைன்ல தப்பே இல்ல சார். நீங்களே இழுத்துப் பாருங்க."