கூத்தன் வாசலில் தொங்கிய வெள்ளைத் துணி

ஆற்றுக்கு வாய் இருந்தால் இதை அதுவே சொல்லியிருக்கும். இல்லாததால் நான் சொல்கிறேன், கேளுங்கள்.

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலத்தில், அவுரிப்பட்டி என்றோர் ஆற்றங்கரை ஊர் இருந்தது. ஊரெங்கும் சாயப்பட்டறைகள். அந்நாட்டு அரசன் அங்கே ஒரு வழக்கம் வைத்தான். பௌர்ணமிதோறும் பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் துறையில் ஒரு வெள்ளைத் துணியை ஊறவைத்து வாசலில் தொங்கவிட வேண்டும். ஆற்றில் அவர்கள் விட்ட கழிவைத் துணியே காட்டிக்கொடுக்கும்.

பட்டறைக்காரர்களில் தில்லைக்கூத்தன் கெட்டிக்காரன். தன் துறையை விட்டுவிட்டு, ஊரார் குடிக்க மொள்ளும் மேல்துறையில் துணியை நனைத்து வந்து தொங்கவிட்டான். பால்போல் வெளுத்திருந்தது. பக்கத்துப் பட்டறை உமையாளின் துணியோ கருஞ்சிவப்பாய்க் கிடந்தது.

"எதுக்கு உமையா இந்தக் கண்றாவியத் தொங்கவிடுற?" என்றான் கூத்தன்.

"பாக்க வெக்கமாத்தாண்ணே இருக்கு. ஆனா நம்ம துறை இப்படித்தானே இருக்கு?"

முதல் பௌர்ணமியில் அவளிடம் சாயம் ஏற்ற வந்தவர்கள் அந்தத் துணியைப் பார்த்துவிட்டுக் கூத்தனிடம் போனார்கள். வெட்கம் தாளாமல் அவள் குழி வெட்டி, கழிவை அதில் தேக்கினாள். இரண்டாம் பௌர்ணமிக்கு மணலும் கரியும் பரப்பி வடித்தாள். மூன்றாம் பௌர்ணமிக்கு அவள் துணியில் இளஞ்சிவப்புக் கறை மட்டுமே இருந்தது.

கூத்தன் துணி மூன்று முறையும் வெள்ளைதான். அதைப் பார்த்துப் பார்த்து, தன் துறையும் அப்படித்தான் என்று அவனே நம்பிவிட்டான், பாவி.

கோடை வந்தது. ஆறு வற்றி, துறைக்கொரு குட்டையாய் நின்றது. அப்போது கப்பல் வணிகர் ஒருவர் வந்து கூத்தனிடம் ஆயிரம் செந்துணி கேட்டார். அதை முடித்துக் கொடுத்தால் பட்டறை தலைமுறைக்கும் நிற்கும். கூத்தனின் ஆட்கள் இரவுபகலாய்ச் சாயம் ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே நாளில் தங்கள் துறையில் அலசினார்கள். மேல்துறையில் சாயத்துணி அலச ஊர் விடாதே!

குட்டையில் தேங்கிய கழிவு ஏறி, ஆயிரமும் திட்டுத்திட்டாய்க் கறுத்து வந்தன.

வணிகர் வாசலைப் பார்த்தார். "அந்த வெள்ளைத் துணிய எந்தத் துறையில நனைச்சீரு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனின் கண் தானாய் மேல்துறைப் பக்கம் போனது. வணிகர் உமையாள் வாசலுக்கு நடந்தார். "இந்தக் கறை நெசமான கறை" என்று சொல்லி, அவளிடமே வேலையைக் கொடுத்தார்.

உமையாள் ஓடிவந்தாள். "எங்க துறையில அலசிப் பாருங்கண்ணே."

அலசினார்கள். ஏறிய கறை போகவில்லை. அவன் ஆட்கள் ஒவ்வொருவராய் வேறு பட்டறை தேடிப் போனார்கள்.

அடுத்த பௌர்ணமியில் கூத்தன் முதன்முறையாகத் தன் துறையில் இறங்கி வெள்ளைத் துணியை நனைத்தான். கறுத்துப்போன அதை வாசலில் கட்டினான். 'அன்றே இதைத் தொங்கவிட்டிருக்கலாமே' என்று நெஞ்சு வெந்தது. அந்தத் துணியைப் பார்க்க அன்று ஒருவரும் வரவில்லை.

தன் அழுக்கை ஊரறியக் காட்டுகிறவன் அதைக் கழுவவும் கற்றுக்கொள்வான். மறைப்பவனுக்கோ கழுவத் தண்ணீரும் மிஞ்சாது.